எரிபொருள் கதவு சென்சார் பழுது: சென்சாரை உடனே மாற்றுவதா, மின்சுற்றைச் சோதிப்பதா?

காரின் முகப்புத் திரையில் எரிபொருள் கதவு திறந்திருப்பதாக எச்சரிக்கை வருகிறது. இறங்கிப் போய்ப் பார்த்தால் கதவு சரியாகவே மூடியிருக்கிறது. வேறு சில கார்களில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஸ்கேனரை இணைத்ததும் எரிபொருள் கதவு சென்சாரின் மின்சுற்றில் பழுது என்னும் குறியீடு தெரிகிறது. இந்த இடத்தில் உரிமையாளருக்கு நான்கு வழிகள் உண்டு. புதிய சென்சாரை வாங்கி நேரடியாகப் பொருத்திவிடலாம். மல்டிமீட்டரையும் ஸ்கேனரையும் வைத்துப் பழுது இருக்கும் இடத்தைத் தாமே தேடலாம். வாகன மின்சாரப் பணி தெரிந்த பட்டறையில் ஒப்படைக்கலாம். எச்சரிக்கை இருந்தால் இருக்கட்டும் என்று குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டலாம். எது தக்கது என்பது காருக்குக் கார் மாறும். ஆயினும் பெரும்பாலான நிலைகளில், எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்த்த பிறகே பாகத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கருத்து பொருந்தாத இடங்களும் உள்ளன. அவற்றையும் சேர்த்தே இங்கு ஒப்பிடுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இங்கே கதவு என்பது காரின் பக்கவாட்டுத் தகட்டோடு சமமாக அமைந்திருக்கும் வெளிக்கதவு. அதற்குள்ளே, எரிபொருள் ஊற்றும் குழாயின் வாயில் திருகப்படும் மூடி வேறு. மூடி தளர்ந்திருந்தால் பி0455, பி0457 போன்ற ஆவிக் கசிவுக் குறியீடுகள் பதிவாகும். அவை தொட்டியிலும் அதன் குழாய்களிலும் கசிவு இருப்பதைச் சொல்பவை. கதவு சென்சாரின் வயர்களைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. எனவே ஸ்கேனரில் தெரியும் குறியீட்டின் விளக்கத்தை முழுதாக வாசித்த பிறகே அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

சென்சாரின் செய்தியைக் கார் எதற்குப் பயன்படுத்துகிறது

நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சில கார்களில் கதவு திறந்திருப்பதை ஓட்டுநருக்கு அறிவிப்பதோடு சென்சாரின் வேலை முடிந்துவிடுகிறது. பக்கவாட்டில் நகரும் கதவுள்ள வேன்களில், திறந்திருக்கும் எரிபொருள் கதவின்மீது நகரும் கதவு மோதாமல் தடுக்கும் ஏற்பாடு இருக்கும். அது மின்முறையில் இயங்குவதாக இருந்தால், சென்சார் தவறான செய்தி அனுப்பும்போது அந்தப் பக்கக் கதவு திறக்க மறுக்கும்.

வெளியிலிருந்து மின்னேற்றிக்கொண்டு பேட்டரியாலும் எஞ்சினாலும் ஓடும் பிளக்-இன் ஹைப்ரிட் கார்களில் இந்தச் சிறிய சென்சாரின் முக்கியத்துவம் வெகுவாகக் கூடிவிடுகிறது. அவற்றில் எஞ்சின் பல நாட்கள் ஓடாமலேயே இருக்கக்கூடும். சாதாரண காரில் தொட்டியிலிருந்து எழும் எரிபொருள் ஆவி கரித்துகள் நிரப்பிய ஒரு கலத்தில் தங்கி, எஞ்சின் ஓடும்போது உறிஞ்சி எரிக்கப்படுகிறது. எஞ்சினே ஓடாவிட்டால் அந்தக் கலம் நிரம்பிவிடும் என்பதால், இத்தகைய பல கார்களில் தொட்டி முழுவதுமாக அடைக்கப்பட்டு, ஆவி அழுத்தத்தோடு உள்ளேயே நிறுத்தப்படுகிறது. எரிபொருள் நிரப்ப வேண்டுமானால் முதலில் அந்த அழுத்தத்தை வெளியேற்றியாக வேண்டும். செவ்ரோலெட் வோல்ட் காரில் எரிபொருள் கதவுப் பொத்தானை அழுத்தியதும் காத்திருக்கும்படி திரையில் செய்தி வருவதும், அழுத்தம் தணிந்த பின்னரே கதவு விடுபடுவதும் இதனால்தான். இத்தகைய அமைப்பில் கதவு எப்போது திறந்தது, எப்போது மூடியது என்பதைக் காரின் கணினியான கட்டுப்பாட்டு அலகு சென்சார் வழியாகவே அறிகிறது. அந்தச் செய்தி பொய்யானால், எரிபொருள் நிரப்பும் பணி இன்னும் முடியவில்லை என்று அலகு கருதிக்கொள்ளக்கூடும். தொட்டியின் வால்வுகளை இயக்கும் முறை குழம்பும். கசிவுச் சோதனை நடக்காமல் தள்ளிப்போகும். ஆகவே முதல் வகைக் காரில் ஓரிரு வாரம் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை. அடைத்த தொட்டியுள்ள காரில் அப்படிப் பொறுப்பது சரியான தேர்வாகாது.

மின்சுற்றின் அமைப்பு

பல கார்களில் கதவு சென்சார் என்பது ஒரு சிறிய சுவிட்சே. கதவு மூடும்போது அதன் முனை அழுத்தப்படுகிறது. அல்லது கதவில் பதித்த காந்தம் நெருங்கி வந்து, காந்தத்தால் மூடும் ரீட் சுவிட்சையோ, காந்தப்புலத்தை மின்னணு முறையில் உணரும் ஹால் சென்சாரையோ இயக்குகிறது. கட்டுப்பாட்டு அலகு தனக்குள் இருக்கும் ஒரு மின்தடையின் வழியாக சிக்னல் வயருக்கு 5 வோல்ட் அல்லது 12 வோல்ட் கொடுத்து, அந்த வயரில் நிற்கும் மின்னழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. சுவிட்ச் மூடினால், அதாவது மின்பாதை இணைந்தால், வயர் எர்த்தோடு (பேட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்த பக்கத்தோடு) இணைந்து மின்னழுத்தம் சுழியத்தை நெருங்கும். சுவிட்ச் திறந்தால் முழு மின்னழுத்தம் நிற்கும். இவ்வளவு எளிய சுற்றில் ஒரு குறை உண்டு. வயர் அறுந்துபோனாலும் முழு மின்னழுத்தமே நிற்கும் என்பதால், அறுந்த வயரையும் திறந்த சுவிட்சையும் அலகால் பிரித்தறிய முடியாது.

இந்தக் குறையைப் போக்கச் சில சென்சார்களுக்குள்ளேயே இரண்டு மின்தடைகளை வைக்கிறார்கள். கணக்கு புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். அலகுக்குள் 1000 ஓம் மின்தடை, அதன் மேல்முனையில் 5 வோல்ட். சென்சாருக்குள் சுவிட்சோடு தொடராக 1000 ஓம், சுவிட்சுக்குக் குறுக்கே 3000 ஓம் என்று கொள்வோம். கதவு மூடி, சுவிட்சும் மூடியிருக்கும்போது சென்சாரின் மின்தடை 1000 ஓம். அலகு காணும் மின்னழுத்தம் 2.5 வோல்ட். கதவு திறந்தால் மின்தடை 4000 ஓமாகி, மின்னழுத்தம் 4.0 வோல்ட்டாக உயரும். சிக்னல் வயர் எர்த்தோடு உரசினால் 0 வோல்ட். வயர் அறுந்தால் 5 வோல்ட். இப்போது கதவின் இரு நிலைகளும், வயரின் இரு பழுதுகளும் தனித்தனியாகத் தெரிகின்றன. உண்மையான கார்களில் மின்தடைகளின் அளவு வேறாக இருக்கும் என்பதால், அந்தந்த மாடலின் பழுதுபார்ப்புக் கையேட்டிலிருந்தே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் கணக்கின் போக்கு இதுவே.

குறியீட்டின் விளக்கத்தில் வரும் சொற்கள் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன. சிக்னல் தாழ்வு என்று பதிவானால் எர்த்தோடு ஷார்ட் ஆகியிருப்பதையும், சிக்னல் உயர்வு என்று பதிவானால் வயர் அறுந்திருப்பதையோ பேட்டரி மின்சாரத்தோடு ஷார்ட் ஆகியிருப்பதையோ முதலில் சந்தேகிக்கலாம். வரம்பு அல்லது செயல்பாடு பற்றிய குறியீடு வந்தால், சுற்று உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் அது தரும் செய்தி நம்பத் தகுந்ததாக இல்லை என்று பொருள். இந்த மூன்றாவது வகையில்தான் பலரும் வழி தவறுகிறார்கள். மேலே கண்ட எடுத்துக்காட்டில் கனெக்டரின் முனையில் களிம்பு ஏறி 500 ஓம் மின்தடை கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கதவு மூடியிருக்கும்போது 2.5 வோல்ட்டுக்குப் பதிலாக 3.0 வோல்ட் வரும், திறந்திருக்கும்போது 4.0 வோல்ட்டுக்குப் பதிலாக ஏறத்தாழ 4.1 வோல்ட் வரும். திறந்த நிலை அநேகமாக அப்படியே நிற்க, மூடிய நிலை மட்டும் இரண்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தை நோக்கி நகர்ந்துவிடுகிறது. சென்சார் முழு நலத்தோடு இருந்தும் கதவு மூடியதை அலகு நம்ப மறுப்பது இப்படித்தான் நேர்கிறது.

சோதிக்காமல் சென்சாரை மாற்றுவது

இந்த வழிக்கு நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. சென்சார் விலை குறைந்ததாக இருந்து, இரண்டு திருகுகளைக் கழற்றினால் கையில் வந்துவிடுவதாக இருந்து, அதே மாடலில் அதே சென்சார் பழுதாவது உற்பத்தியாளரின் தொழில்நுட்ப அறிவிப்பிலேயே இடம்பெற்றிருந்தால், நேரடியாக மாற்றுவது நேரத்தை மிச்சப்படுத்தும். சென்சாரின் உடல் வெடித்திருப்பது, அதன் முனை உடைந்து தொங்குவது போன்ற கண்ணுக்குத் தெரியும் சேதம் இருந்தாலும் அப்படியே.

மற்ற நிலைகளில் இந்த வழி பாகத்தின் விலையை மட்டும் பறிப்பதில்லை, உண்மையையும் மறைத்துவிடுகிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய சென்சாரைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும்போது கனெக்டரை ஒருமுறை பிடுங்கி மறுபடி செருகுகிறோம். அந்த உரசலில் முனைகளின்மேல் படிந்திருந்த களிம்பு ஓரளவு சுரண்டப்பட்டு, இணைப்பு தற்காலிகமாகச் சரியாகிவிடும். எச்சரிக்கை மறையும், சென்சார்தான் பழுது என்ற முடிவு உறுதிப்படும். சில வாரங்களிலோ அடுத்த மழைக்காலத்திலோ களிம்பு மீண்டும் ஏறியதும் அதே குறியீடு திரும்பும்; அப்போது புதிய பாகமே தரமற்றது என்று இன்னொன்று வாங்கத் தோன்றும். எரிபொருள் கதவு இருக்கும் இடத்தை நினைத்துப் பார்த்தால் இது வியப்பன்று. மழைநீர், சேறு, கார் கழுவும்போது பாயும் நீர், சிந்தும் எரிபொருள், சக்கரத்திலிருந்து தெறிக்கும் ஈரம் ஆகிய அனைத்தும் சேருமிடம் அது. அங்கிருக்கும் கனெக்டரும் பின்பகுதியில் உள்ள எர்த் இணைப்பும் சென்சாரைவிட எந்த வகையிலும் பாதுகாப்பான நிலையில் இல்லை.

கதவே பழுதாக இருக்கும் வாய்ப்பையும் இந்த வழி கணக்கில் எடுப்பதில்லை. கீல் வளைந்து கதவு ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும், பூட்டும் ஊசி முழுவதும் நகராமல் சிக்கினாலும், கதவில் ஒட்டியிருந்த காந்தம் உதிர்ந்துபோனாலும், சென்சார் சொல்வது உண்மையான செய்தியே. பக்கவாட்டுத் தகட்டில் இடிபட்டுச் சீர்செய்து வண்ணம் பூசிய கார் என்றால், வேறெதையும் தொடுமுன் கதவின் இருப்பைத்தான் பார்க்க வேண்டும்.

தாமே சோதிப்பது: எந்தச் சோதனை எவ்வளவு சொல்லும்

சோதனை என்று முடிவு செய்த பிறகும் அதற்குள் சில தேர்வுகள் உள்ளன. ஸ்கேனரில் நேரலைத் தரவைப் பார்ப்பது, மின்தடையை அளப்பது, மின்னழுத்தத்தை அளப்பது, சென்சாரைப் பிடுங்கிவிட்டு அதன் இடத்தில் ஜம்பர் வயர் (இரு முனைகளை நேரடியாக இணைக்கும் தற்காலிக வயர்) அல்லது மின்தடை வைத்துப் பார்க்கும் மாற்றுவைப்புச் சோதனை என்பவை அவை. இவை ஒன்றுக்கொன்று சமமானவை அல்ல.

நேரலைத் தரவு சுத்தமான தொடக்கம். கதவைத் திறந்து மூடும்போது திரையில் நிலை மாறுகிறதா, மாறினாலும் தடுமாறித் தடுமாறி மாறுகிறதா என்பதை எதையும் கழற்றாமல் காணலாம். ஆனால் ஸ்கேனரின் தரத்தைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் சார்ந்த குறியீடுகளை மட்டும் வாசிக்கும் மலிவான கருவிகளுக்கு, கதவுகள், விளக்குகள் போன்றவற்றைக் கவனிக்கும் உடற்பகுதிக் கட்டுப்பாட்டு அலகோடு இணைந்த சென்சார்கள் தெரியாது. எரிபொருள் கதவு சென்சார் அந்த அலகோடு இணைந்திருக்கும் காரில், முகப்பில் எச்சரிக்கை இருந்தும் அத்தகைய கருவி பழுது இல்லை என்றே சொல்லும். எல்லா அலகுகளையும் வாசிக்கும் கருவி கிடைக்காவிட்டால் இந்தச் சோதனையின் பயன் பாதியாகிவிடும். குறியீட்டை அழிப்பதற்கு முன், பழுது பதிவான கணத்தில் சேமிக்கப்பட்ட விவரங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்வதும் இந்தக் கட்டத்திலேயே செய்ய வேண்டியது. அழித்தபின் அவை திரும்பக் கிடைக்காது.

மின்தடையை அளப்பது பலருக்கும் பழக்கமான முறை என்றாலும் இந்தச் சுற்றுக்கு அதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். சென்சாரைத் தனியே கழற்றி, கதவின் இரு நிலைகளுக்கும் உரிய மின்தடையைக் கையேட்டோடு ஒப்பிட அது பொருத்தமானதே. ஹால் சென்சாரை இப்படிச் சோதிக்க முடியாது. அதற்கு மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். வயரின் தொடர்ச்சியைப் பார்ப்பதற்கு ஓம் அளவை நம்புவதில் வேறொரு ஆபத்து உண்டு. பல இழைகள் அறுந்து ஒன்றிரண்டு மட்டும் மீந்திருக்கும் வயரையும், அசைத்தால் மட்டும் விடுபடும் இணைப்பையும் மல்டிமீட்டர் நல்லதென்றே காட்டும். சுற்றில் மின்சாரம் இருக்கும்போது ஓம் அளவை எடுப்பது தவறான எண்ணைத் தருவதோடு மீட்டருக்கும் கேடு.

மின்னழுத்தத்தை அளப்பது அதைவிட நம்பகமானது. கனெக்டரைப் பிடுங்கி, சாவியைப் போட்டு, சிக்னல் முனையில் கையேடு சொல்லும் 5 அல்லது 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்கலாம். எதுவும் வராவிட்டால் வயர் அறுந்திருக்கிறது, எர்த்தோடு உரசுகிறது, அல்லது அலகே அனுப்பவில்லை. ஆனால் வந்தால் வயர் நல்லது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்மின்தடை பொதுவாக 10 மெகா ஓம். அவ்வளவு பெரிய மின்தடையின் முன் களிம்பினால் வரும் சில நூறு ஓம்கள் ஒரு பொருட்டே அல்ல. மின்னோட்டம் கிட்டத்தட்ட இல்லாததால் கெட்ட வயரும் முழு 5 வோல்ட்டைக் காட்டும். வயருக்கு வேலை கொடுத்தால்தான் அதன் குறை வெளிப்படும்.

அந்த வேலையைக் கொடுப்பதே மாற்றுவைப்புச் சோதனை. நான்கில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இரண்டு வயர் சென்சாராக இருந்தால், கனெக்டரைப் பிடுங்கியதும் ஸ்கேனரில் சிக்னல் உயர்நிலைக்குப் போக வேண்டும். பிறகு ஃபியூஸ் பொருத்திய ஜம்பர் வயரால் சிக்னல் முனையையும் எர்த் முனையையும் இணைத்தால் தாழ்நிலைக்கு வர வேண்டும். இரண்டு மாற்றங்களும் திரையில் தெரிந்தால், வயர் அறுபடவோ ஷார்ட் ஆகவோ இல்லை, அலகும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். சந்தேகம் சென்சாரின் பக்கமோ, கதவின் பக்கமோ, கனெக்டரின் முனைகளின் பக்கமோ நகர்கிறது. சென்சாரைப் பிடுங்கிய பிறகும் சிக்னல் தாழ்விலேயே நின்றால், புதிய சென்சார் எத்தனை பொருத்தினாலும் பயன் இல்லை. வயர் எங்கோ எர்த்தோடு உரசிக்கொண்டிருக்கிறது.

உள்ளே மின்தடைகள் உள்ள சென்சாராக இருந்தால், வெறும் ஜம்பருக்குப் பதிலாகக் கையேடு சொல்லும் அளவுள்ள மின்தடையை வைக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 1000 ஓம் மின்தடையைச் செருகினால் கதவு மூடியிருப்பதாக அலகு ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த நிலையிலேயே கனெக்டரில் மல்டிமீட்டரால் அளந்து, ஸ்கேனர் காட்டும் மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டால் மேலும் ஒரு தெளிவு கிடைக்கும். கனெக்டருக்கும் அலகுக்கும் இடையிலான சிக்னல் வயரில் 500 ஓம் பழுது இருந்தால், கனெக்டரில் 2.0 வோல்ட்டும் ஸ்கேனரில் 3.0 வோல்ட்டும் தெரியும். இடையில் காணாமல்போன 1 வோல்ட் அந்த வயரில்தான் விழுகிறது. எர்த் பக்கத்தைச் சோதிக்க அதே மின்தடையின் மறுமுனையை ஒருமுறை கனெக்டரின் எர்த் முனையிலும், மறுமுறை வண்ணம் இல்லாத சுத்தமான உடற்தகட்டிலும் வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் எர்த் நல்லது. உடற்தகட்டில் மட்டும் சரியாக வந்தால், பின்பகுதியின் எர்த் இணைப்பைத் தேடிப் போக வேண்டும். அலகு எர்த்தையும் தன் வழியாகவே தரும் கார்களும் உண்டு என்பதால், வயரிங் வரைபடத்தைப் பார்த்துவிட்டே இந்த முடிவுக்கு வர வேண்டும்.

மூன்று வயர் ஹால் சென்சாராக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஒரு வயரில் மின்சாரம், ஒன்றில் எர்த், ஒன்றில் சிக்னல் இருக்கும். மின்சாரம் வரும் முனையைத் தவறியும் எர்த்தோடு இணைக்கக் கூடாது. அதே 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற சென்சார்களும் அந்தக் கணமே செயலிழந்து, இல்லாத பழுதுகளுக்கெல்லாம் குறியீடுகள் பதிவாகும். இழை பல்பு வைத்த பழைய சோதனை விளக்கையும் இந்தச் சுற்றில் பயன்படுத்தக் கூடாது. அது இழுக்கும் மின்னோட்டம் அலகின் உள்சுற்றுக்கு அதிகம்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். வேலை நடக்கும் இடம் எரிபொருள் குழாயின் வாய்க்கு மிக அருகில். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். காற்றோட்டமுள்ள இடத்தில் நிறுத்த வேண்டும். தீப்பொறி எழக்கூடிய எதையும், சூடான சால்டரிங் கருவியையும் அங்கே கொண்டுபோகக் கூடாது. ஹைப்ரிட் காரில் ஆரஞ்சு நிற உறையுள்ள கேபிள்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை. கதவு சென்சாருக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை, அவற்றைத் தொட வேண்டிய தேவையும் இல்லை.

விட்டுவிட்டு வரும் பழுது

மேலே சொன்னவை அனைத்தும், சோதிக்கும் நேரத்தில் பழுது இருந்தால் பயன் தருபவை. மழை பெய்தால் மட்டும் வரும் எச்சரிக்கை, மேடு பள்ளத்தில் மட்டும் எரியும் விளக்கு ஆகியவற்றுக்கு அணுகுமுறை மாற வேண்டும். நேரலைத் தரவைத் திரையில் ஓடவிட்டு, ஒருவர் கவனிக்க, இன்னொருவர் கனெக்டரிலிருந்து தொடங்கி வயர்க் கட்டை அங்குலம் அங்குலமாக மெல்ல அசைத்துக்கொண்டே போக வேண்டும். கனெக்டரின் பெண்முனை தளர்ந்திருக்கிறதா என்று, அதற்கு இணையான ஆண்முனை ஒன்றைச் செருகி இழுத்துப் பார்ப்பதும் உதவும். நல்ல முனையில் ஒரு பிடிப்பு உணரப்படும். தளர்ந்த முனையில் அது இருக்காது. மல்டிமீட்டரின் கூர்முனையை முன்பக்கமாகத் திணிப்பவர்கள் அந்தப் பிடிப்பைத் தாமே கெடுத்துவிடுகிறார்கள் என்பதால், பின்பக்கமாக மெல்லிய ஊசி நுழைத்து அளப்பதே முறை.

இத்தகைய பழுதில் சென்சாரை மாற்றிப் பார்க்கும் வழி மிக மோசமான தேர்வு. மாற்றிய மறுநாள் எச்சரிக்கை வராததற்குக் காரணம் புதிய பாகமா, வெயிலா என்று யாராலும் சொல்ல முடியாது.

வயரில்தான் பழுது என்றால்

இங்கேயும் இரண்டு வழிகள் எதிரெதிரே நிற்கும். பழுதான இடத்தைக் கண்டுபிடித்துச் சீர்செய்வது ஒன்று; பழைய வயரை இரு முனையிலும் துண்டித்துவிட்டு, இணையாகப் புதிய வயர் ஒன்றை இழுப்பது மற்றொன்று. கனெக்டரின் அருகிலேயே களிம்பு இருந்தால் முதல் வழியில் ஐயமே இல்லை. புதிய முனைகளோ, வயரோடு சேர்ந்து வரும் புதிய கனெக்டரோ பொருத்தி, நீர்புகாத ரப்பரைச் சரியாக உட்கார வைத்தால் போதும். உட்புறத் தரை விரிப்புகளையும் பக்கவாட்டு மூடிகளையும் கழற்றினால்தான் தெரியும் இடத்தில் வயர் அறுந்திருந்தால், புதிய வயர் இழுப்பது குறைந்த நேரத்தில் முடியும். அதே கனமுள்ள வயரை, பழைய பாதையிலேயே, கூர்மையான தகட்டு விளிம்புகளைத் தொடாமல் கொண்டுபோக வேண்டும். எலி கடித்ததாலோ விபத்தாலோ பல வயர்கள் சேதமாகியிருந்தால் இந்தக் குறுக்கு வழி வேண்டாம். வயர்க் கட்டையே மாற்றுவது நல்லது. எந்த வழியானாலும் வயர்களை முறுக்கி டேப் சுற்றி விடுவதை ஏற்க முடியாது. அந்த இடத்தின் ஈரத்தில் டேப் நெடுநாள் தாங்காது. நெரித்து இணைக்கும் ஸ்லீவும் அதன்மேல் பசையுள்ள சுருங்கும் உறையுமே நிற்கும். உறையைச் சூடாக்கும் வேலையை எரிபொருள் வாயிலிருந்து விலகிய இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அழித்துவிட்டு ஓட்டுவதும், ஜம்பர் வைத்து ஏமாற்றுவதும்

குறியீட்டை அழிப்பது பழுதுபார்ப்பு ஆகாது என்றாலும், ஒரு சோதனையாக அதற்கு மதிப்பு உண்டு. அழித்த உடனேயே திரும்பி வந்தால் பழுது இப்போதும் நிலையாக இருக்கிறது. பல நாள் கழித்து வந்தால் விட்டுவிட்டு வரும் வகை. ஆனால் அழிக்கும்போது காரின் தற்சோதனை முடிவுகளும் சேர்ந்தே அழிந்துவிடும். ஆவிக் கசிவுச் சோதனை மீண்டும் நடக்க, பல கார்களில் தொட்டி ஏறத்தாழ 15 முதல் 85 விழுக்காடு வரை நிரம்பியிருப்பதும் எஞ்சின் குளிர்ந்த நிலையிலிருந்து கிளம்புவதும் தேவை. புகைச் சோதனைச் சான்று பெற வேண்டிய நாள் நெருங்கும்போது குறியீட்டை அழித்தால், சோதனைகள் முடியாத கார் என்று திருப்பி அனுப்பப்படலாம்.

சிக்னல் வயரை நிரந்தரமாக எர்த்தோடு இணைத்துக் கதவு எப்போதும் மூடியே இருப்பதாகக் காட்டிவிடும் வழியை எந்தக் காருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மின்தடை வைத்த சுற்றில் அது ஷார்ட் என்றே பதிவாகும். வேனில் நகரும் கதவின் தடுப்பு நீங்கிவிடும். அடைத்த தொட்டியுள்ள காரில் எரிபொருள் நிரப்பும் நேரத்தில் கதவு திறந்திருப்பது அலகுக்குத் தெரியாமலே போய்விடும். சோதனைக்கு வைத்த ஜம்பரைச் சோதனை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

எப்போது பட்டறைக்குப் போக வேண்டும்

வயரிங் வரைபடம் கிடைக்காதபோதும், எல்லா அலகுகளையும் வாசிக்கும் ஸ்கேனர் இல்லாதபோதும், அடைத்த தொட்டியுள்ள காரில் கதவோடு அழுத்தம் அல்லது வால்வு சார்ந்த வேறு குறியீடுகளும் சேர்ந்து வரும்போதும் பட்டறையே சரியான தேர்வு. காருக்கு இன்னும் உத்தரவாதம் இருந்தால், வயரைத் தொடுவதற்கு முன்பே அங்கு போவது நல்லது. வயர், எர்த், கனெக்டர், சென்சார் ஆகிய நான்கும் சரியாக இருந்து கட்டுப்பாட்டு அலகின்மீது மட்டும் சந்தேகம் எஞ்சினால், வேறு வழியே இல்லை. அலகை மாற்றினால் அந்தக் காருக்கேற்ப அதை நிரல்படுத்த வேண்டும். தவறாகத் தீர்மானித்தால் இழப்பும் மிகப் பெரியது. அலகு பழுது என்பது இந்தச் சுற்றில் கடைசியாக வைத்துப் பார்க்க வேண்டிய வாய்ப்பு என்பதை மெக்கானிக்கிடமும் தயங்காமல் சொல்லலாம்.

பட்டறையைத் தேர்ந்தெடுப்பவர் சோதனைக் கட்டணத்தையும் பாகத்தின் விலையையும் தனித்தனியே கேட்டுக்கொள்ள வேண்டும். சோதனைக்கென்று கட்டணம் வாங்குமிடம் விலை கூடியதாகத் தோன்றினாலும், சோதிக்காமலேயே சென்சாரை மாற்றச் சொல்லும் இடத்தைவிட அதையே நான் விரும்புவேன். எந்த முனையில் எவ்வளவு வோல்ட் வந்தது, எதை வைத்துச் சென்சார் பழுது என்று முடிவு செய்தார்கள் என்ற கேள்விக்கு எண்ணோடு பதில் வந்தால், அந்த முடிவை நம்பிப் பணம் கொடுக்கலாம். தாமே எடுத்த அளவுகளும், எச்சரிக்கை எந்த வானிலையில் வருகிறது என்ற குறிப்பும் கையில் இருந்தால், அவர்களின் வேலை நேரமும் குறையும்.

யார் சரிசெய்தாலும், வேலை முடிந்ததைத் தீர்மானிப்பது முகப்பு விளக்கு அணைந்த கணம் அன்று. நேரலைத் தரவைப் பார்த்தபடி கதவைப் பத்துப் பதினைந்து முறை மெதுவாகவும் வேகமாகவும் திறந்து மூட வேண்டும். மூடிய நிலையில் கதவை விரலால் அழுத்தியும் தளர்த்தியும் பார்க்க வேண்டும். வயர்க் கட்டை அசைக்க வேண்டும். ஒருமுறை நீர் தெளித்துப் பார்க்க வேண்டும். இவற்றில் எதற்கும் திரையில் நிலை தடுமாறக் கூடாது. அதன் பிறகு சில நாட்கள் வழக்கம்போல் ஓட்டி, ஒருமுறையேனும் எரிபொருள் நிரப்பி, நிலுவையிலுள்ள குறியீடுகளின் பட்டியலை மீண்டும் வாசிக்க வேண்டும். பல பழுதுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் பதிவான பின்னரே விளக்கை எரியவைக்கும் என்பதால், விளக்கு எரியாதபோதும் அந்தப் பட்டியலில் பழுதின் தொடக்கம் தெரிந்துவிடும். பட்டியல் காலியாக இருந்து, ஆவிக் கசிவுச் சோதனையும் முடிந்ததாகக் காட்டினால், கழற்றிய உட்புற மூடிகளைத் திரும்பப் பொருத்திவிடலாம்.